வெள்ளைப்போளத் தைலம்

குழந்தை இயேசுவைக் காண வந்த கீழ்த்திசை ஞானிகள் பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் காணிக்கை வைத்தார்கள். பொன்னோடு சேர்த்துக் கொடுக்கும் அளவுக்கு வெள்ளைப்போளம் என்னும் பிசினுக்கு மதிப்பு!

சோமாலியா, எத்தியோப்பியா, ஏமன் நாடுகளின் வறண்ட நிலத்தில் வளரும் முள்மரம் இதைத் தருகிறது. பட்டையைக் கீறினால் கசிகிற பிசின் காற்றுப் பட்டு இறுகி, செம்பழுப்புக் கட்டிகளாகும். வாயில் போட்டால் கடுங்கசப்பு, தணலில் போட்டால் நறுமணம். எகிப்து அரசி ஹட்செப்சுட் புண்ட் நாட்டுக்குக் கப்பல் அனுப்பி, நறுமணப் பிசின் மரங்களையே வேரோடு கூடைகளில் வரவழைத்தார். அந்தக் காட்சி அவருடைய கோயில் சுவரில் இன்றும் இருக்கிறது.

பிசினை நீராவியில் வடித்தெடுப்பதுதான் தைலம். இதிலுள்ள சில பொருட்கள் எலிகளுக்கு வலியைக் குறைப்பதை 1996இல் இத்தாலிய ஆய்வாளர்கள் கண்டார்கள். மனிதர்களிடம் நடந்த சோதனைகள் குறைவு. ஈறு வீக்கத்துக்கும் வாய்ப்புண்ணுக்கும் இந்தப் பிசினின் சாராயக் கரைசலைத் தண்ணீரில் கலந்து கொப்பளிப்பது ஐரோப்பாவில் நெடுநாள் வழக்கம். எனக்கு அதில்தான் நம்பிக்கை அதிகம்.

தைலத்தை அப்படியே பூச வேண்டாம். ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயில் 2 சொட்டு போதும். வெடித்த குதிகாலுக்குத் தடவலாம். முதலில் முன்கையில் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். குடிக்கவே கூடாது. கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.