அயல்நாட்டுப் பணிக்குப் புறப்படுமுன்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வெளிநாட்டு வேலைக்குச் செல்ல விரும்பும் இளைஞர்களுக்குச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் நம்மைப் பணித்துள்ளனர். நாம் பள்ளி ஆசிரியர். கடல் கடந்து வாழ்ந்த அனுபவம் நமக்கில்லை. ஆயினும், நம்மிடம் பயின்று துபாய் சென்றோர் விடுமுறையில் வந்து கூறும் செய்திகளையும், துன்புற்றுத் திரும்பியோர் வடித்த கண்ணீரையும் நாம் நன்கறிவோம்.

கடல் கடந்து செல்வது நம் சமுதாயத்திற்குப் புதிதன்று. 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட கப்பலொன்று ஒப்பந்தக் கூலிகளைத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் இறக்கியது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலேயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் கங்காணியிடம் முன்பணம் பெற்றுச் சென்றோர் பல்லாயிரவர். ஊரில் நிலமுமில்லை, மதிப்புமில்லை என்ற நிலையில் சென்ற நம் முன்னோர், படிக்கத் தெரியாத தாளில் கைநாட்டு வைத்தனர். கடனோடு சென்று, கடன் தீருமுன்னரே மாண்டோர் பலர். அதே தென்னாப்பிரிக்காவுக்குச் சென்ற இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். பின்னர் 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் வீற்றிருந்தார். கடல் ஒன்றுதான், வேறுபாடு கல்வியில் இருந்தது.

ஆகவே நாம் கூற விரும்புவது ஒன்றே: படித்தறிந்த பின் கையொப்பமிடுங்கள், கடன்படாமல் செல்லுங்கள்.

நம் பழைய மாணவர் ஒருவர் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்றவர். முகவர் ஒருவரிடம் ஒன்றரை இலட்சம் ரூபாய் கொடுத்தார். தாயின் தோடும் வீட்டுமனைப் பட்டாவும் அடகுக்குப் போயின. அவருக்குக் கிடைத்தது பார்வையாளர் விசா! அதை வைத்துக்கொண்டு அங்கே வேலை செய்வது சட்டப்படி குற்றம். நான்கு மாதம் மறைந்து வேலை செய்து, கூலியும் பெறாமல் வெறுங்கையுடன் திரும்பினார். நம்மிடம் வந்தபோது, “ஐயா, தாளில் என்ன எழுதியிருந்தது என்று நான் கேட்கவே இல்லை” என்றார். அச்சொல் இன்றும் நம் நெஞ்சைச் சுடுகிறது.

இந்நிலை ஏன் வந்தது? 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர் அமீரகம், சவூதி, குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அரசின் அனுமதி பெற வேண்டும். அது தடையன்று, பாதுகாப்பு. ஒப்பந்தத்தைச் சரிபார்த்த பின்னரே அவ்வனுமதி கிடைக்கும். அதிலிருந்து தப்பவே சில முகவர்கள் பார்வையாளர் விசாவில் அனுப்புகின்றனர்.

ஆதலின் முதற்கண், முகவர் அரசிடம் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் இணையத்தளத்தில் பாருங்கள். பதிவு பெற்ற முகவர் பெறத்தக்க கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்குரிய வரியுமே. கொடுக்கும் பணத்திற்கு இரசீது கேளுங்கள். 275 ரூபாய் செலுத்தினால், இரண்டாண்டுகளுக்குப் பத்து இலட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தரும் அரசுத் திட்டமும் உண்டு.

இரண்டாவது, பணி ஒப்பந்தம். அமீரகத்தில் அரபு, ஆங்கிலத்தோடு தொழிலாளி அறிந்த மொழியிலும் பணி உறுதிக் கடிதம் வழங்க வேண்டும். தமிழிலும் அது உண்டு. கேட்டு வாங்குங்கள். மொத்தச் சம்பளத்தை மட்டும் பாராமல் அடிப்படைச் சம்பளத்தைப் பாருங்கள். பணி முடியும்போது பெறும் பணிக்கொடை அதைக்கொண்டே கணக்கிடப்படும். நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை, வாரத்திற்கு 48 மணி என்பது அங்குள்ள சட்டம். கடவுச்சீட்டை முதலாளி வைத்துக்கொள்ளல் கூடாது. எல்லாவற்றின் நகலையும் வீட்டில் ஒன்றும் கையில் ஒன்றுமாக வையுங்கள்.

மூன்றாவது, நகரத்தைப் பற்றிய அறிவு. துபாய் நகரைக் கடற்கழி ஒன்று பிரிக்கிறது. ஒரு கரை தேரா, மறு கரை பர்துபாய். நம் நேரத்திற்கு அங்கே ஒன்றரை மணி நேரம் பின்தங்கும். கோடையில் வெயில் 40 பாகையைக் கடந்துவிடும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கல் கூடாது என்பது விதி. ரமலான் மாதப் பகற்பொழுதில் நோன்பிருப்போரின் முன் உண்பதையும் பருகுவதையும் தவிர்த்தல் பண்பு. தாய்மார்களுக்கு ஒரு சொல்: அன்பால் கட்டித்தரும் மசாலாப் பொட்டலத்தில் கசகசா இருத்தல் ஆகாது. அங்கே அது தடைசெய்யப்பட்ட பொருள், சிறைக்கும் வழிவகுக்கும். மருந்துகளையும் மருத்துவரின் சீட்டின்றிக் கொண்டுசெல்லாதீர்கள்.

நான்காவது, உடன் வாழ்வோர். ஓர் அறையில் அறுவர், எண்மர் வாழ நேரும். ஊரைக் கேட்டு, பிறகு தெருவைக் கேட்டுச் சாதியை அறிய முயல்வோர் கடல் கடந்தும் உளர். ஊரைச் சொல்ல நாணாதீர்கள், தலைநிமிர்ந்து சொல்லுங்கள். வேலைத் திறனும் நாணயமும் உங்களுக்குத் துணை நிற்கும். சேமிப்பை வங்கி வழியே, தாயின் அல்லது மனைவியின் பெயரையும் சேர்த்து அனுப்புங்கள்.

இறுதியாகப் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். “வெளிநாடு போகப்போகிறவனுக்குப் படிப்பெதற்கு?” என்று கேட்டுப் பிள்ளையை ஒன்பதாம் வகுப்பில் நிறுத்தாதீர்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் ஒரு தாள்தான். ஆயினும் மற்றத் தாள்களைப் படித்தறியும் கண் அதிலிருந்தே பிறக்கிறது. இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் அக்கண்ணைத் திறக்கவே உழைத்துவருகிறது. கைநாட்டு வைத்துக் கப்பலேறியோரின் பேரப்பிள்ளைகள், தாளைப் படித்துவிட்டு விமானமேறட்டும்.