பெயர் எழுதப்படாத படங்கள்



நினைவுச் சொற்பொழிவு என்றால் முதலில் ஒரு படத்துக்கு மாலை போடுகிறோம். படத்தின் கீழே அவர் பெயர் இருக்கிறது. பிறந்த ஆண்டும் மறைந்த ஆண்டும் இருக்கின்றன. இது நமக்குச் சாதாரணமாகப் படுகிறது. ஒடுக்கப்பட்ட ஒருவரின் முகத்துக்குக் கீழே அவருடைய சொந்தப் பெயர் வருவது அவ்வளவு சுலபமாக நடந்த காரியமல்ல. அதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

தில்லியை ஒட்டிய குருகிராமில் 'மியூசியோ கேமரா' என்றோர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஒளிப்படக் கலைஞர் ஆதித்ய ஆர்யா பல ஆண்டுகளாகச் சேர்த்த கேமராக்களைக் கொண்டு 2019இல் திறக்கப்பட்டது. துருத்தி வைத்த பழைய மரக் கேமராக்களை அங்கே பார்க்கலாம். வாய்ப்புள்ள மாணவர்கள் அவசியம் போங்கள். ஆனால் ஒரு கேள்வியோடு போங்கள். கேமராவின் உடம்பிலேயே அதைச் செய்த நிறுவனத்தின் பெயர் பொறித்திருக்கும். எடுத்தவர் பெயரும் பல நேரம் தெரியும். அதன் முன்னால் நிறுத்தப்பட்டவர் பெயர் என்ன?

ஆரம்ப காலத்தில் கண்ணாடித் தட்டில் மருந்து பூசி, அது காய்வதற்குள் படமெடுத்துக் கழுவ வேண்டும். போகிற இடமெல்லாம் இருட்டறைக் கூடாரமும் கூடவே போகும். அதைத் தலையில் சுமந்தவர்கள் யார்? வரலாற்றில் அவர்கள் வெறும் கூலிகள். படம் விழும்வரை அசையக் கூடாது என்பதால் 'ஆடாமல் நில்' என்பதே கேமரா இட்ட முதல் கட்டளை. நம் மக்களுக்கு அது பழகிய கட்டளைதான்.

1868 முதல் 1875 வரை லண்டனில் 'தி பீப்பிள் ஆஃப் இந்தியா' எட்டுத் தொகுதிகளாக வந்தது. அரசர்கள், பிரபுக்கள் சிலருக்கு அதில் பெயர் உண்டு. மற்றவர்களுக்குச் சாதியின் பெயர், குலத்தின் பெயர். முகம் ஒருவருடையது, பெயரோ கூட்டத்தினுடையது.

இந்தக் கதைக்கு நம் தூத்துக்குடியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், 1889இல் முத்துக்குளிப்பைப் பார்க்க இங்கே வந்தார். அள்ளிவந்த சிப்பியை மூன்று பங்காக்கி, இரண்டை அரசு எடுத்துக்கொண்டு, ஒன்றைக் குளித்தவர்களுக்குக் கொடுத்த காலம் அது. மறு ஆண்டு மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு, கடலுயிர்கள் குறித்து அவருடைய நூல் வெளிவந்தது. சிப்பியை வகைப்படுத்திய அதே கண்தான் பிறகு மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் அளந்தது. கே. ரங்காச்சாரி துணையோடு 1909இல் அவர் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகளிலும் படங்கள் இருக்கின்றன.

தன்னைக் கண்டதும் வயநாட்டுப் பணியர் பெண்கள் ஓடிவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். தங்களில் நல்ல உடல்வாகு உள்ளவர்களைப் பிடித்து, பஞ்சடைத்து மதராஸ் மியூசியத்தில் வைத்துவிடுவார் என்று பயந்தார்களாம். அவர் அதை வேடிக்கையாகச் சொல்கிறார். எனக்கு அதில் வேடிக்கை தெரியவில்லை. அருங்காட்சியகம் தங்களை என்னவாகப் பார்க்கிறது என்பதை அந்தப் பெண்கள் சரியாகவே புரிந்துகொண்டார்கள்.

நம் துறைமுகத்திலிருந்து கப்பலேறி இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் கதியும் இதுதான். கொழும்பின் பிளாடே போன்ற நிறுவனங்கள் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்களின் படங்களை அஞ்சலட்டையாக விற்றன. அட்டையில் நிறுவனத்தின் பெயர் இருந்தது. பறித்தவள் பெயர் இல்லை.

இதை மாற்றியவர்களும் உண்டு. அண்ணல் அம்பேத்கரின் படங்களைப் பாருங்கள். கோட்டும் டையும் கையில் புத்தகமுமாக, தான் எப்படிப் பார்க்கப்பட வேண்டும் என்பதைத் தானே தீர்மானித்த மனிதர். அதனால்தான் நம் குடிசைகளில் அந்தப் படம் மாட்டப்பட்டது. இன்று மதுரைப் பக்கம் வாடிப்பட்டியைச் சேர்ந்த ஜெய்சிங் நாகேஸ்வரன் தன் குடும்பத்தையே படமெடுக்கிறார். துப்புரவுத் தொழிலாளர்களின் வாழ்வையும் சாவையும் எம். பழனிகுமார் படமெடுக்கிறார். கேமரா கை மாறியிருக்கிறது. கை மாறினால் மட்டும் போதாது. பெயரும் எழுதப்பட வேண்டும்.

நம் வீடுகளில் என்ன படங்கள் இருக்கின்றன? உப்பளத்தில் வெயிலில் நின்று பாத்தி வாரிய அம்மாவின் படம் நலவாரிய அட்டையில் இருக்கும். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்பாவின் படம் பழைய பாஸில் இருக்கும். அரசாங்கம் கேட்டதற்காக எடுத்தவை. பல குடும்பங்களில் அவர்களுக்கென்று இருப்பது அந்த ஒரே படம்தான். அட்டை காலாவதியானால் குப்பைக்குப் போய்விடும்.

மாணவர்களிடம் நான் கேட்பது பெரிய வேலையல்ல. இந்த விடுமுறையில் அவரவர் தெருவில் பத்து வீடுகளுக்குப் போங்கள். இருக்கிற படங்களை நகலெடுங்கள். பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள்: இது யார், எந்த அளம், எந்த வருஷம், பக்கத்தில் நிற்பது யார்? கேட்டதைப் படத்தோடு எழுதி வையுங்கள். வீட்டார் சம்மதமில்லாமல் ஒரு படத்தையும் வெளியே கொண்டுவராதீர்கள்; கேட்காமல் எடுத்தவர்களின் வழி நமக்கு வேண்டாம். இந்த மன்றத்தின் ஓர் அலமாரி போதும், நம் அருங்காட்சியகத்தைத் தொடங்க.

ஆனால் சீக்கிரம் செய்ய வேண்டும். படம் இன்னும் ஐம்பது வருஷம் இருக்கும். அதிலிருப்பது யார் என்று சொல்லக்கூடிய பாட்டி அதுவரை இருக்க மாட்டாள்.

ஜெய்பீம்.