இருக்கும் பார்வை போதும்

(நம் சங்கத்தின் மூத்த குடியிருப்போர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மூத்தவர்களுக்குப் பயன்படும்படி ஏதாவது பேசுங்கள் என்று செயலாளர் கேட்டார். சர்க்கரை, மூட்டு வலி, நடைப்பயிற்சி எல்லாம் இந்த ஹாலில் பேசியாகிவிட்டது. கண்ணைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. அதனால் அதை எடுத்துக்கொண்டேன்.

முதலில் என் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டு வருகிறது. மாகுலர் டீஜெனரேஷன் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். பக்கவாட்டில் நன்றாகவே தெரிகிறது. நேராகப் பார்க்கும் இடத்தில்தான் மங்கல். நடமாட்டத்துக்குக் குறைவில்லை, ஆனால் எதிரில் வருபவர் முகம் பிடிபடுவதில்லை. லிஃப்ட் பக்கத்தில் நீங்கள் சிரித்து, நான் பேசாமல் போயிருந்தால் அதைக் கர்வம் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் சிரித்ததே எனக்குத் தெரியாது.

இதை மைக்கில் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் வயதில் காது கேட்கவில்லை என்றால் கூடச் சொல்லிவிடுகிறோம். கண் தெரியவில்லை என்பதைச் சொல்ல மனம் வருவதில்லை. சொல்லாமல் இருப்பவர் என்ன செய்வார்? படிக்கட்டில் தடுமாறுவோமோ என்று மாலை நடையை நிறுத்துவார். யார் என்று தெரியாமல் விழிக்க வேண்டுமே என்று கல்யாணத்துக்குப் போக மாட்டார். கடைசியில் இந்த மாதிரிக் கூட்டத்துக்கும் வர மாட்டார். மற்றவர்கள் "அவர் முன்போல இல்லை, ஒதுங்கிவிட்டார்" என்று சொல்வார்கள். கண்ணில் போனது பாதிதான், வாழ்க்கையில் போனதோ முக்கால்வாசி. இந்த முக்கால்வாசியை நாம் காப்பாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

கண்ணில் வயதுக்கு ஏற்ற மாற்றம் எல்லோருக்கும் வரும். 40-ஐத் தாண்டினால் படிக்கக் கண்ணாடி வேண்டும். 20 வயதில் விழித்திரையை எட்டும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் எட்டுகிறது. அதனால் மகனுக்குப் போதுமான விளக்கு நமக்குப் போதாது. இது நோய் இல்லை.

நோய்கள் என்று பார்த்தால் முக்கியமானவை நான்கு. கண்புரை வந்தால் அறுவைச் சிகிச்சை செய்து லென்ஸ் வைத்தால் பார்வை திரும்பிவிடும். கண் நீர் அழுத்த நோய், அதாவது கிளௌகோமா, வலிக்காமல் ஓரப் பார்வையைத் தின்றுகொண்டே வரும். போனது திரும்பாது. இருப்பதைச் சொட்டு மருந்து காப்பாற்றும், நாள் தவறாமல் விட்டால். இது குடும்பத்தில் தொடரக்கூடியது, ஆகவே ஒருவருக்கு இருந்தால் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். கண் சிவந்தால் மருந்துக்கடையில் தாமாகவே ஸ்டீராய்டு சொட்டு வாங்கி விடுபவர்களும் உண்டு. அதுவே கண் அழுத்தத்தைக் கூட்டிவிடலாம். மூன்றாவது, சர்க்கரையால் விழித்திரையில் வரும் பாதிப்பு. சர்க்கரை உள்ளவர்கள் கண் நன்றாகத் தெரிந்தாலும் வருடத்துக்கு ஒரு முறை, மருந்து விட்டுக் கண்பாவையை விரித்துப் பார்க்கும் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். நான்காவது எனக்கு வந்திருப்பது. இதில் ஒரு வகைக்கு ஊசி மருந்து உண்டு, சீக்கிரம் போனால்தான் பலன் அதிகம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கண்ணால் ஜன்னல் கம்பியைப் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றிப் பாருங்கள். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று மூடி மறைத்துவிடும். நேரான கம்பி வளைந்து தெரிந்தாலோ, நடுவில் அழிந்து தெரிந்தாலோ, திடீரென்று மின்னல் போல் வெட்டினாலோ, திரை விழுந்த மாதிரி மறைத்தாலோ, அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும். பேரன் வரட்டும், ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று தள்ளிப் போடக் கூடாது.

எல்லாச் சிகிச்சைக்கும் பிறகு டாக்டர் ஒரு நாள் "இதற்கு மேல் பார்வை கூடாது" என்று சொல்லலாம். அங்கேதான் பலர் மனம் உடைந்துபோகிறார்கள். அப்போது கேட்க வேண்டிய கேள்வி: "இங்கே லோ விஷன் கிளினிக் இருக்கிறதா?" மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற பெரிய கண் மருத்துவமனைகளில் இதற்கென்றே தனிப் பிரிவு உண்டு. மிச்சமிருக்கும் பார்வையை எப்படிப் பயன்படுத்துவது, எந்த உருப்பெருக்கி ஒத்துவரும், எந்தப் பக்கம் தலையைச் சாய்த்தால் எழுத்து தெரியும் என்று அங்கே பழக்கிவிடுவார்கள்.

அரவிந்த் என்றதும் அதை நிறுவிய டாக்டர் கோ. வெங்கடசாமி நினைவுக்கு வருகிறார். இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து அவர் விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களாலேயே கத்தியைப் பிடிக்கப் பழகிக் கண் அறுவைச் சிகிச்சை நிபுணர் ஆனார். அரசு வேலையிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-இல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்ததுதான் அரவிந்த். விரல் நேராகட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. நமக்கு அவ்வளவு பெரிய காரியம் வேண்டாம். நம் வீட்டில் நாமே ஒரு காப்பி போட்டுக் குடித்தால் போதும்.

இனி வீட்டுக்குள் வருவோம். மூன்று சொற்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: வெளிச்சம், நிற வேறுபாடு, ஒழுங்கு.

வெளிச்சம் என்றால் கூரையில் இன்னொரு டியூப் லைட் போடுவது மட்டும் இல்லை. படிக்கும் தாளின் மேல் விழும்படி ஒரு மேசை விளக்கு வேண்டும், அது கண்ணில் கூசாமல் பக்கவாட்டில் இருக்க வேண்டும். படுக்கையிலிருந்து கழிவறை வரைக்கும் இரவு விளக்கு எரியட்டும். விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்வதற்கு ஆகும் செலவை நினைத்தால் மின்சாரக் கட்டணம் ஒன்றுமே இல்லை.

நிற வேறுபாட்டுக்கு நம் வாழையிலையே சாட்சி. பச்சை இலையில் வெள்ளைச் சோறு பளிச்சென்று தெரியும். அதே தயிர் சாதத்தை வெள்ளைப் பீங்கான் தட்டில் போட்டால் எங்கே சாதம், எங்கே தட்டு என்று தெரியாது. கறுப்புக் கிரானைட் மேடையில் இருக்கும் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பால் என்றால் அடர்ந்த நிறக் கப், டிகாஷன் என்றால் வெள்ளைக் கப். வெள்ளை ஸ்விட்ச் போர்டைச் சுற்றி நிற டேப் ஒட்டலாம். கேஸ் அடுப்புத் திருகில் "சிம்" வரும் இடத்தில் ஒரு சொட்டு ஃபெவிகால் வைத்துக் காய விட்டால், விரலே சொல்லிவிடும்.

ஒழுங்குக்கு அஞ்சறைப் பெட்டியைப் பாருங்கள். கடுகு எங்கே, சீரகம் எங்கே என்று வீட்டுப் பெண்கள் பார்த்தா எடுக்கிறார்கள்? கை தானாகப் போகும். யாராவது கிண்ணத்தை இடம் மாற்றி வைத்தால்தான் ரசத்தில் தகராறு. வீடு முழுவதையும் அப்படி ஆக்கிவிட்டால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது. இரண்டு சொட்டு மருந்து பாட்டில் இருந்தால் காலை மருந்துக்கு ஒரு ரப்பர் பேண்டு, இரவு மருந்துக்கு இரண்டு. வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வையுங்கள், அறைக் கதவைப் பாதி திறந்து வைக்காதீர்கள்.

நான் வங்கியில் வேலை பார்த்தவன், அதனால் பணம் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இப்போதைய நோட்டுகளில் 10 ரூபாயிலிருந்து 500 ரூபாய் வரை நீளம் படிப்படியாகக் கூடும். 100 ரூபாய் நோட்டு 142 மில்லிமீட்டர், 500 ரூபாய் 150 மில்லிமீட்டர். 100-இல் விரலுக்குத் தட்டுப்படும் முக்கோணமும் ஓரத்தில் 4 கோடுகளும், 500-இல் வட்டமும் 5 கோடுகளும் உண்டு. பழைய நோட்டில் மேடு தேய்ந்திருக்கும். அதற்கு எளிய வழி, 500-ஐ மடிக்காமலும், 200-ஐக் குறுக்கே மடித்தும், 100-ஐ நீளவாக்கில் மடித்தும் பர்ஸில் வைப்பது. ரிசர்வ் வங்கி 2020-இல் வெளியிட்ட "மணி" என்ற செயலி, கேமராவில் நோட்டைக் காட்டினால் எத்தனை ரூபாய் என்று குரலில் சொல்லும்.

காசோலையில் கையெழுத்து கோட்டை விட்டு விலகுகிறதா? பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் கையெழுத்து அளவுக்கு நீளமாக ஒரு சன்னல் வெட்டுங்கள். காசோலையில் அதைப் பொருத்தி வைத்து உள்ளே கையெழுத்துப் போடுங்கள். கண் தெரியவில்லை என்பதற்காகக் காசோலைப் புத்தகம், ஏடிஎம் அட்டை, லாக்கர் எதையும் மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008-இலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. 70 வயதைத் தாண்டியவர்களுக்கும் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் பணம் எடுப்பது, ஆயுள் சான்று கொடுப்பது போன்ற சேவைகளை வீடு தேடி வந்து செய்ய வேண்டும் என்று 2017-இல் அறிவுறுத்தியது. கிளையில் கேளுங்கள், தயங்க வேண்டாம். இன்னொன்று: ஏடிஎம் அட்டையையும் ரகசிய எண்ணையும் உதவிக்கு வருபவரிடம் சேர்த்துக் கொடுக்கும் பழக்கம் கூடவே கூடாது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

ஸ்மார்ட்போன் நம் தலைமுறைக்கு ஆகாது என்று பலர் நினைக்கிறார்கள். கண் குறைந்தவருக்கு அதைவிட நல்ல துணை கிடையாது. எழுத்தைப் பெரிதாக்கலாம், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக மாற்றலாம். ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்று திரையைப் படித்துச் சொல்லும் வசதி உள்ளேயே இருக்கிறது. மைக் படத்தைத் தொட்டுத் தமிழில் பேசினால் அது எழுதிக்கொள்ளும். இந்த உரையைக்கூட அப்படித்தான் தயார் செய்தேன். "வணக்கம்" மட்டும் சரியாக வந்தது, மீதியை மகள் திருத்தினாள். பார்வை நன்றாக இருக்கும்போதே இவற்றைப் பழகிக்கொண்டால் பின்னால் சிரமம் இருக்காது.

வெளியே சொல்லப்படாத ஒரு விஷயம் உண்டு. பார்வை குறைந்த சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியும். அறையில் குழந்தைகள் நிற்பது போல, சுவரில் பூ வேலைப்பாடு இருப்பது போல. சத்தம் எதுவும் இருக்காது. பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ, பேய் பிசாசு என்று மந்திரிக்கக் கூட்டிப்போவார்களோ என்று பயந்து வீட்டில் சொல்ல மாட்டார்கள். இதற்கு சார்ல்ஸ் போனே நிலை என்று பெயர். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த போனே, கண்புரையால் பார்வை மங்கிய தன் தாத்தா கண்ட காட்சிகளைப் பற்றி 1760-இலேயே எழுதி வைத்தார். கண்ணிலிருந்து செய்தி வருவது குறையும்போது மூளை தானாகப் படம் போட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். டாக்டரிடம் சொல்லி வேறு காரணம் இல்லை என்று உறுதி செய்துகொண்டால் பயம் போய்விடும். உங்கள் வீட்டுப் பெரியவர் அப்படி ஏதாவது சொன்னால் அவரை அதட்டாமல் கேளுங்கள்.

உதவி செய்ய நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. பி பிளாக்கில் ஒரு குட்டிப் பெண் என்னைப் பார்த்தால் "தாத்தா, நான் ரெண்டாவது மாடி" என்று சொல்லிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பெரியவர்களும் அப்படிப் பேரைச் சொல்லிப் பேசலாம். "நான் யார் சொல்லுங்க பார்க்கலாம்" என்று பரீட்சை வைக்க வேண்டாம். கையைப் பிடித்து இழுக்காமல் "உதவட்டுமா" என்று கேட்டு, உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொள்ளக் கொடுங்கள். கிளம்பும்போது சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். நீங்கள் போன பிறகும் நான் பேசிக்கொண்டிருந்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்!

கடைசியாக, சங்கத்துக்கு ஐந்து கோரிக்கைகள். ஒன்று, மூன்று பிளாக் படிக்கட்டிலும் ஒவ்வொரு படியின் விளிம்பிலும் மஞ்சள் பட்டை அடிக்க வேண்டும். முதல் படியும் கடைசிப் படியும் மிக முக்கியம். இரண்டு, லிஃப்டை விட்டு வெளியே வந்ததும் எதிர்ச் சுவரில் மாடி எண் பெரிதாக இருக்க வேண்டும். மூன்று, வெயிலிலிருந்து பேஸ்மென்ட் பார்க்கிங்குக்குள் நுழையும் இடத்தில் பகலிலும் விளக்கு எரிய வேண்டும். வயதான கண் இருட்டுக்குப் பழக நேரம் ஆகும். நான்கு, நடைபாதையில் செருப்பு ஸ்டாண்டும் சைக்கிளும் வைக்கக் கூடாது. ஐந்து, வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பைப் புகைப்படமாகப் போடாமல் எழுத்தாகப் போட வேண்டும். புகைப்படத்தில் இருக்கும் எழுத்தை டாக்பேக் ஒழுங்காகப் படித்துச் சொல்வதில்லை. தண்ணீர் வராது என்ற செய்தி, எனக்குக் குழாயைத் திறந்த பிறகுதான் தெரிகிறது.

இவற்றில் மூன்றுக்குச் செலவு பெயிண்டும் ஒரு விளக்கும்தான். மற்ற இரண்டுக்கு ஒரு ரூபாய் கூட ஆகாது. இது எனக்காகக் கேட்கும் சலுகையும் இல்லை. மாதக் கடைசியில் பால் பாக்கெட்டோடு படி இறங்கும் எல்லோருக்கும், கர்ப்பிணிகளுக்கும், குழந்தைகளுக்கும் அதே மஞ்சள் பட்டை பயன்படும். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர எழுதிக் கொடுக்கிறேன். முன்மொழிய நான் இருக்கிறேன், வழிமொழிய ஒருவர் வேண்டும்.

பார்வை மங்குவதை மறைத்துக்கொண்டு வீட்டுக்குள் இருப்பவர் யாராவது உங்கள் மாடியில் இருந்தால், இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அடுத்த சந்திப்புக்குக் கையோடு கூட்டி வாருங்கள்.