அபிவிருத்திக் கதையில் எழுவாய் யார்?

(தோட்டத் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகளுக்கான ஞாயிறு வகுப்பில் ஆற்றிய உரை)



எனக்குத் தந்த தலைப்பு, 'ஆளுங்கட்சி சொல்லும் நாட்டு அபிவிருத்தியும் அரசியல் சீர்திருத்தமும்'. பெரிய தலைப்பு. நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறவள். எனக்குத் தெரிந்த வழியில் சொல்கிறேன். பலகையில் ஒரு வாக்கியம் எழுதினால் பிள்ளைகளிடம் மூன்று கேள்வி கேட்பேன். செய்தது யார்? அது எழுவாய். யாரை, எதைச் செய்தார்கள்? அது செயப்படுபொருள். என்ன செய்தார்கள், அது நடந்ததா, நடக்கிறதா, இனிமேல்தான் நடக்குமா? அது பயனிலையும் அதன் காலமும். இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் வாக்கியம் விளங்கிவிடும். அரசாங்கம் சொல்கிற கதையையும் இப்படியே வாசித்துப் பார்க்கலாம்.

இன்றைய அரசாங்கத்தின் கதைக்கு வருவதற்கு முன்னால், நமக்கு முன்பு சொல்லப்பட்ட மூன்று பெரிய கதைகளைப் பார்ப்போம்.

முதல் கதை 1948. ஐக்கிய தேசியக் கட்சி சொன்னது: நாடு சுதந்திரம் அடைந்தது, நாட்டு மக்கள் எல்லோரும் இனி ஆளும் மக்கள். ஒரு வருஷத்துக்கு முன், 1947 தேர்தலில், இலங்கை இந்திய காங்கிரஸ் ஆசனங்களை வென்றிருந்தது. சுதந்திரம் வந்த அதே வருஷத்தில் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த வருஷம் வாக்குரிமையும் போனது. 1952 தேர்தலில் நம் தாத்தா பாட்டிமாரில் பெரும்பாலானோருக்கு வாக்கு இல்லை. ஆனால் நாட்டின் இலவசக் கல்விக்கும் ஆஸ்பத்திரிக்கும் பணம் கொண்டு வந்ததில் பெரும்பங்கு தேயிலைக்கு. அந்த இலவசக் கல்வி 1945இல் தொடங்கியது. தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் முழுதாகப் பொறுப்பெடுக்க 1970களின் கடைசி வரை காத்திருக்க வேண்டி வந்தது.

இரண்டாவது கதை 1972. சிறிமாவோ பண்டாரநாயக்க தலைமையில் ஐக்கிய முன்னணி அரசாங்கம். இடதுசாரிக் கட்சிகளும் கூட இருந்தன. நாடு குடியரசானது. காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. தனியார் ஒருவர் 50 ஏக்கருக்கு மேல் காணி வைத்திருக்கக் கூடாது என்றார்கள். 1975இல் வெள்ளைக்காரக் கம்பனிகளின் தோட்டங்களும் அரசுடைமையாயின. கேட்க நல்ல வாக்கியம். ஆனால் அந்தக் காணியில் பரம்பரையாக உழைத்தவர்களுக்கு ஒரு பேர்ச் நிலம் வந்ததா? 1973, 74இல் தோட்டங்களில் பஞ்சம். அந்தக் காலத்தைக் கண்டவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். 1964 ஒப்பந்தப்படி குடும்பங்களைப் பிரித்துக் கப்பலேற்றியதும் அந்த வருஷங்களில்தான் வேகமாக நடந்தது. 1977 மே மாதம் டெவன் தோட்டத்துக் காணியைப் பிரித்துக் கொடுக்க வந்தபோது தொழிலாளர்கள் மறித்தார்கள். பொலிஸ் சுட்டது. சிவனு லெட்சுமணன் உயிர் விட்டார். காணிச் சீர்திருத்தம் என்ற வாக்கியத்தில் அவர் எங்கே இருக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது கதை 1977, 78. ஜே.ஆர். ஜெயவர்தன ஆட்சி. திறந்த பொருளாதாரம், மகாவலித் திட்டம், கட்டுநாயக்க வர்த்தக வலயம், நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறை. நம் சங்கத் தலைவர் ஒருவர் அமைச்சரானதும் அப்போதுதான். அதே ஆட்சியில் 1983 கலவரத்தில் நம் லயங்களும் எரிந்தன. 1987இல் பிரதேச சபைச் சட்டம் வந்தபோது தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. நாம் வாக்குப் போட்டு உறுப்பினரை அனுப்பலாம், அவரால் நம் லயத்துப் பாதைக்குக் கல் போட முடியாது. அந்தச் சட்டம் 2018இல்தான் திருத்தப்பட்டது. 31 வருஷம்.

இந்த மூன்று கதையிலும் எழுவாய் அரசாங்கம். நாம் செயப்படுபொருள். சில வாக்கியங்களில் அதுவும் இல்லை.

ஆனால் எழுவாய் மாறின இடமும் உண்டு. 1984 ஏப்ரலில் தோட்டங்கள் வேலைநிறுத்தம் செய்தன. அதன் பிறகுதான் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்சம்பளம் வந்தது. அதுவரை ஒரே மலையில் கொழுந்து பறித்த பெண்ணுக்குக் குறைந்த சம்பளம். என் அம்மா வேலைக்குப் போனபோது முழுச் சம்பளம் வாங்கினார் என்றால், அவருக்கு முன்னால் பிரட்டுக் களத்தில் உட்கார்ந்து மறுத்தவர்களால்தான். நாடற்றவர் பிரச்சினையும் அப்படித்தான். 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களுக்குப் பின்னால் பல வருஷத்துப் போராட்டம் இருக்கிறது.

இனி இன்றைய கதை. தேசிய மக்கள் சக்தி 2024 நவம்பரில் 159 ஆசனங்களோடு பாராளுமன்றம் போனது. 'வளமான நாடு, அழகான வாழ்க்கை' என்பது அவர்கள் சொன்ன வாசகம். ஊழல் இல்லாத ஆட்சி, புதிய அரசியலமைப்பு, எல்லோருக்கும் பங்குள்ள அபிவிருத்தி என்கிறார்கள். நியாயமாகப் பேச வேண்டும். முந்திய கதைகளில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது. 2023இல் ஹட்டன் பிரகடனம் என்று ஒன்றை வெளியிட்டு, மலையகத் தமிழர் என்று நம்மைப் பெயர் சொல்லிப் பேசினார்கள். நுவரெலியாவிலும் பதுளையிலும் இருந்து மலையகத் தமிழ்ப் பெண்கள் இருவர் பாராளுமன்றம் போயிருக்கிறார்கள். இதைக் குறைத்துப் பேசத் தேவையில்லை. பெயர் வந்துவிட்டது. பயனிலை எந்தக் காலத்தில் இருக்கிறது என்று பார்ப்பதுதான் நம் வேலை.

முதலில் சம்பளம். 2024 மே தினத்தில் கொட்டகலையில் அப்போதைய ஜனாதிபதி 1700 ரூபாய் என்றார். வர்த்தமானியும் வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போய் அதை நிறுத்தின. செப்டெம்பரில் கையில் வந்தது 1350 அடிப்படைச் சம்பளம். மேடையில் சொன்னது வேறு, சம்பளச் சிட்டையில் வந்தது வேறு. இன்றைய அரசாங்கம் 2026 வரவு செலவுத் திட்டத்தில் 1750 என்று சொன்னது. அதைப் பிரித்து வாசியுங்கள். 1550 கம்பனி தர வேண்டிய அடிப்படைச் சம்பளம். 200 அரசாங்கம் தரும் வரவுக் கொடுப்பனவு. நாட்டின் பணத்திலிருந்து நமக்கு ஒரு பங்கு வருவது நல்லது. ஆனால் அந்த 200 வருஷா வருஷம் பட்ஜெட்டில் எழுதப்பட வேண்டியது. அடுத்த வருஷம் எழுதாவிட்டால் யாரிடம் கேட்பது? அது சேமலாப நிதிக் கணக்கில் சேர்கிறதா? கிலோ குறைந்து அரைப்பேர் போட்ட நாளில் கிடைக்கிறதா? இதை மேடையில் இருப்பவர்களிடம் கேட்க வேண்டாம். உங்கள் சிட்டையை எடுத்து ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். 2021இல் 1000 ரூபாய் வந்தபோது பல தோட்டங்களில் பேருக்கான கிலோ எப்படிக் கூடியது என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

அடுத்தது காணி. 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. பெரும்பாலான பெரிய தோட்டங்களில் காணி இன்னமும் அரசாங்கத்துடையதுதான், கம்பனி குத்தகைக்காரர். ஆகவே காணி கொடுக்க முடியாது என்று எந்த அரசாங்கமும் சொல்ல முடியாது. 2015க்குப் பிறகு 7 பேர்ச் என்றார்கள். 2017 மே மாதம் நோர்வுட்டில் இந்தியப் பிரதமர் 10,000 வீடு அறிவித்தார். அதன் பிறகு எத்தனை ஜனாதிபதி மாறினார்கள்! 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் வீட்டுரிமைப் பத்திரம் கொடுக்கும் விழா நடந்தது. பத்திரம் கிடைத்தவர்கள் சந்தோஷப்பட வேண்டும். கூடவே அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கவும் வேண்டும். அது உறுதியா? காணி யார் பெயரில்? மனைவியின் பெயரும் இருக்கிறதா? பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாமா?

இதை நான் சும்மா கேட்கவில்லை. 2014இல் மீரியபெத்தையில் லயத்தோடு மக்கள் மண்ணுக்குள் போனார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தபோது மலைநாடு முழுவதும் மண் சரிந்தது. வீடிழந்த கிராமத்துக்காரரிடம் ஓர் உறுதி இருக்கும். லயத்தில் இருந்தவரிடம் என்ன இருக்கிறது? ஐந்து தலைமுறை வாழ்ந்த இடத்தை என்னுடையது என்று காட்ட ஒரு தாள் இல்லை. நமக்குக் காணி உறுதி என்பது கௌரவம் மட்டும் இல்லை, உயிர்.

என் கதை ஒன்று சொல்கிறேன். எனக்கு ஆசிரியர் நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதம் தோட்ட ஆபீசுக்கு வந்தது. லயத்துக்குத் தனி விலாசம் இல்லையே. ஒன்பது நாள் மேசையில் கிடந்திருக்கிறது. பரீட்சைக்கு முந்திய நாள் பின்னேரம், தேயிலை இஸ்டோரில் வேலை செய்த மாமா ஒருவர் தற்செயலாகப் பார்த்துக் கொண்டு வந்து தந்தார். அவர் பார்க்காவிட்டால் இன்று நான் உங்கள் முன்னால் நிற்க மாட்டேன். எத்தனை பிள்ளைகளின் கடிதம் அப்படியே கிடந்து போயிருக்கும்?

மூன்றாவது, அரசியல் சீர்திருத்தம். நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்போம் என்று 1994 முதல் கேட்கிறோம். இன்றும் 'ஒழிப்போம்' எதிர்காலத்தில்தான் இருக்கிறது. புதிய அரசியலமைப்பும் அப்படியே. நமக்குப் பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள். மத்திய மாகாண சபையின் காலம் 2018இல் முடிந்தது, ஊவாவின் காலம் 2019இல். அதன் பிறகு தேர்தல் இல்லை. என் பள்ளிக்கூடம் மாகாணத்தின் கீழ் வருவது. கணித ஆசிரியர் இல்லை என்றால் நீங்கள் வாக்குப் போட்டு அனுப்பிய மாகாண சபை உறுப்பினரிடம் கேட்கலாம். அப்படி ஒருவரே இல்லை. சீர்திருத்தம் பற்றிப் பேசுகிறவர்களிடம் முதலில் அந்தத் தேர்தலின் திகதியைக் கேட்போம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பழைய கதைகளைச் சொன்னது ஆளுங்கட்சிகள் மட்டும் இல்லை. தொழிற்சங்கங்களும் மாறி மாறி அரசாங்கத்தோடு சேர்ந்தன. அமைச்சுப் பதவி எடுத்தோம், அடிக்கல் நாட்டினோம், படம் எடுத்தோம். சந்தா கட்டிய தொழிலாளியிடம் கணக்குச் சொன்னது குறைவு. தகரமும் தண்ணீர்த் தாங்கியும் கொடுத்தபோது நாமும் தொழிலாளியைச் செயப்படுபொருளாகத்தான் வைத்தோம். இந்த அரசாங்கத்தைக் கேள்வி கேட்பதற்கு முன்னால் நம்மையும் கேட்டுக்கொள்வோம்.

வீட்டு வேலை இல்லாமல் வகுப்பை முடிக்க மாட்டேன். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். மூன்று பகுதியாகக் கோடு போடுங்கள். முதலாவதில், யார் என்ன சொன்னார், எந்தத் திகதியில், எந்த இடத்தில். இரண்டாவதில், அதற்கு எழுத்தில் என்ன இருக்கிறது: வர்த்தமானியா, சுற்றறிக்கையா, உறுதியா, வெறும் பேச்சா. மூன்றாவதில், நம் டிவிசனில் எத்தனை குடும்பத்துக்கு வந்து சேர்ந்தது. சிட்டைகளைச் சேர்த்து வையுங்கள். எழுதும் பொறுப்பை உயர்தரம் படிக்கிற பிள்ளையிடம் கொடுங்கள், அக்காமார் பக்கத்தில் இருந்து சரி பாருங்கள். மாதக் கூட்டத்தில் அதைச் சத்தமாக வாசியுங்கள். யார் ஓட்டுக் கேட்டு வந்தாலும், எந்தச் சங்கத்துக்காரர் வந்தாலும், நாங்கள் வந்தாலும், அந்தக் கொப்பியை முன்னால் வையுங்கள்.

நாட்டின் கதையை நமக்காக வேறு யாரோ எழுதியது போதும். நம் பக்கத்தை நாம் எழுதுவோம். எழுவாய் இடத்தில் நம் பெயர் இருக்கட்டும்.

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக.