மலைமேலும் மலையடியிலும்



1520இல் மறைந்த ரஃபேலின் கடைசி ஓவியம் ‘ஆண்டவரின் உருமாற்றம்’. வத்திக்கான் ஓவியக்கூடத்தில் உள்ளது.

மேற்பாதியில் ஒளிமயமான ஆண்டவர். இருபுறமும் மோயீசனும் எலியாசும். இராயப்பரும் யாகப்பரும் அருளப்பரும் கண்கூசி வீழ்ந்து கிடக்கிறார்கள். கீழ்ப்பாதியிலோ இருள். பேய்பிடித்துத் துடிக்கும் சிறுவனைத் தந்தை தாங்கி நிற்கிறார். மற்றச் சீடர்களால் குணமாக்க முடியவில்லை. ஒருவர் கையில் விரிந்த புத்தகம், பயனில்லை. இன்னொருவர் கை மலையைச் சுட்டுகிறது.

நற்செய்தியில் அடுத்தடுத்து வரும் இரு நிகழ்ச்சிகளை ஓவியர் ஒரே பலகையில் இணைத்தது ஏன்? மலையின் மகிமையையும் அடிவாரத்தின் கண்ணீரையும் பிரிக்கலாகாது. ஜூபிலி ஒளியில் மகிழும் நாம், கோவிலுக்கு வெளியே பிள்ளையைத் தாங்கி நிற்கும் தகப்பனை மறக்கலாமா? குணமளிப்பவர் ஆண்டவரே. அவரைச் சுட்டிக்காட்டும் கையாவது நம்முடையதாகட்டும்!