மன்னிப்பும் சுகமும்
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்து நிமிடம் பேசும்படி சங்கம் கேட்டிருக்கிறது. வைத்தியர்களுக்குச் சுருக்கமாகப் பேச வரும். எழுத்துத்தான் பிறருக்கு விளங்காது.

வாட்டிலும் கிளினிக்கிலும் நாங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி மருந்தைப் பற்றியதல்ல. "நான் என்ன பாவம் செய்தேன், டொக்டர்?" மார்பில் கட்டி என்றவுடன், பாரிசவாதத்தில் கை விழுந்தவுடன், பிள்ளை குறையோடு பிறந்தவுடன் அது வந்துவிடும். கிறிஸ்தவர் பாவம் என்பார், சைவர் வினை என்பார். கேள்வி ஒன்றுதான்.

வேதபாட வகுப்பில் நாம் எல்லோரும், சைவப் பிள்ளைகளும்கூட, படித்த கதை ஒன்று உண்டு. கப்பர்நகூமில் நான்கு பேர் கூரையைப் பிரித்து ஒரு திமிர்வாதக்காரனைக் கீழே இறக்கினார்கள். இயேசு முதலில் அவனுடைய பாவங்களை மன்னித்தார். பிறகுதான் எழுந்து நடக்கச் சொன்னார். இதை மட்டும் வைத்துக்கொண்டால், நோய் பாவத்தின் சம்பளம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் யோவான் 9ஆம் அதிகாரத்தில், பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, இவனுமல்ல, இவனைப் பெற்றவர்களுமல்ல என்றார். நோயாளியின் கட்டிலருகே நிற்கும்போது எங்களுக்கு இரண்டு கதைகளும் வேண்டும். மற்றவர் நோய்க்குக் காரணம் தேடி அவருடைய வாழ்க்கையைக் கிளறும் உரிமை எவருக்கும் இல்லை.

பன்னிரண்டு வருடம் பெரும்பாட்டினால் வருந்திய பெண்ணையும் நினைத்துப் பாருங்கள். வைத்தியர்களிடம் பணமெல்லாம் கொடுத்து நோய் இன்னும் மோசமானது என்று மாற்கு எழுதுகிறார். மோசமானது என்பதை வைத்தியரான லூக்கா விட்டுவிட்டார்! அவளுடைய விசுவாசம் அவளை 'இரட்சித்தது' என்று நம் தமிழ் வேதாகமம் சொல்கிறது. மூலக் கிரேக்கச் சொல்லுக்குச் சுகமாக்குதல் என்றும் பொருள் உண்டு. உடலுக்கு ஒரு சொல், ஆத்துமாவுக்கு வேறு சொல் என்று அங்கே பிரிக்கவில்லை.

இனி, சொல்லக் கடினமான பகுதி. உடலில் ஷெல் துண்டோடு வாழ்பவர்களையும், காணாமற்போன பிள்ளையின் படத்தை வைத்திருக்கும் தாய்மாரையும் பார்த்து, "மன்னித்துவிடுங்கள், சுகம் வரும்" என்று மருந்துச் சீட்டு எழுதுவதுபோலச் சிலர் சொல்கிறார்கள். நாங்கள் அப்படிச் சொல்லமாட்டோம். சீழ் பிடித்த காயத்தின் மேல் தோலை இழுத்துத் தைத்தால் பார்வைக்கு ஆறியதுபோல இருக்கும், உள்ளே பரவும். அதைத் திறந்து, கழுவி, நாளாந்தம் மருந்து கட்டி, அடியிலிருந்து சதை வளரக் காத்திருக்க வேண்டும். லூக்கா 17இல் மன்னிப்பைப் பற்றிப் பேசும் இடத்தில், தப்புச் செய்தவனைக் கண்டிப்பதும் அவன் மனம் வருந்துவதும் சேர்ந்தே வருகின்றன. உண்மையைக் கேட்கும் தாய் மன்னிக்காதவள் அல்ல. உயிர்த்தெழுந்த ஆண்டவரும் தம் கைகளின் காயங்களை மறைக்கவில்லை, தோமாவுக்குக் காட்டினார்.

ஆனால் நம்மில் பலருடைய கோபங்கள் அத்தகையவை அல்ல. வீட்டு உறுதி யாருடைய பெயரில் என்பது, கலியாணத்துக்குச் சொல்லாமல் விட்டது, செத்தவீட்டுக்கு வராதது. இருபது வருடம் பேசாத அக்கா தங்கை. கோபம் கிளறப்படும் ஒவ்வொரு முறையும் அட்ரினலின் கூடுகிறது, நாடி விரைகிறது, பிரஷர் ஏறுகிறது, நித்திரை கெடுகிறது. இவற்றைத் தீர்க்க ஒரு தொலைபேசி அழைப்புப் போதுமாக இருக்கலாம். லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் இப்போது அதற்குக் காசும் பெரிதாக இல்லை.

யாக்கோபு தம் நிருபத்தில் நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்கிறார். அன்று எண்ணெயை மருந்தாகவும் பயன்படுத்தினார்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மிஷனரியாக இருந்துகொண்டே மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்தார். அவர் ஜெபத்தையும் சத்திரசிகிச்சையையும் எதிரெதிராக வைக்கவில்லை.

ஆகவே மனத்தாங்கலைத் தீர்த்துக்கொண்டவர்களும் பிரஷர் குளிசையை நிறுத்தவேண்டாம். அடுத்த கிளினிக்குக்குக் கொப்பியோடு வாருங்கள்.