போட்டோவில் தெரிஞ்ச வெள்ளை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு ஊக்குநர் ஒருவர் பேசியது.)



என்னைப் பேசச் சொன்னதும், கடன் வாங்கித் தொழில் செஞ்சதைப் பத்தித்தான் கேக்கிறாங்கன்னு நினைச்சேன். தலைவி அக்கா, "உன் மகளைப் பத்திப் பேசு"ன்னாங்க. ரெண்டு நாள் யோசிச்சேன். கடைசியில அவகிட்டயே கேட்டேன். "பேசும்மா, ஆனா மைக்குல அழாதே"ன்னு சொல்லிட்டா. அதனால அழாம பேசப் பார்க்கிறேன்.

எங்க குழு ஆல்பத்தில ஒரு போட்டோ இருக்கு. 2013 டிசம்பர்ல எங்க குழு ஆண்டு விழா அன்னைக்கு ராத்திரி எடுத்தது. 15 பேரும் வரிசையா நிக்கிறோம். என் இடுப்புல பாப்பா. ஒரு வயசு முடிஞ்சு ரெண்டு மாசம். ஃப்ளாஷ் போட்டு எடுத்ததால பாதிப் பேருக்குக் கண்ணுல சிவப்புப் புள்ளி விழுந்திருக்கும். பாப்பாவுக்கு இடது கண்ணுல மட்டும் வெள்ளையா மின்னும். "பூனைக்கண்ணு மாதிரி இருக்குடி"ன்னு எல்லாரும் சிரிச்சோம். நானும்தான் சிரிச்சேன்.

அப்புறம் வீட்டுலயும் அந்த வெள்ளை தெரிய ஆரம்பிச்சுச்சு. சாயங்காலம் விளக்கு வெளிச்சத்துல, ஒரு பக்கமாத் திரும்பிப் பார்க்கும்போது. அந்தக் கண்ணு கொஞ்சம் மாறுகண்ணாவும் ஆச்சு. மாறுகண்ணு அதிர்ஷ்டம்னு சொன்னவங்க உண்டு. பக்கத்துல ஒரு டாக்டர்கிட்ட காட்டினோம். "கண்ணுல பூ விழுந்திருக்கும், வளரட்டும், பார்த்துக்கலாம்"னு சொட்டு மருந்து கொடுத்தார். நாங்களும் நம்பி இருந்துட்டோம். கண்ணு சிவந்து வீங்கி, புள்ளை ராத்திரி முழுக்கக் கத்தின பிறகுதான் மதுரைக்கு பஸ் ஏறினோம். அப்போ 2014 ஆகஸ்ட். அந்தப் போட்டோ எடுத்து எட்டு மாசம் ஆகியிருந்தது.

சின்னப் புள்ளை அசையாம கண்ணைக் காட்டாது இல்லையா, அதனால மயக்கம் கொடுத்துத்தான் உள்ளே பார்த்தாங்க. வெளியே வந்த டாக்டரம்மா எங்களை உட்கார வச்சு மெதுவாச் சொன்னாங்க. இது விழித்திரையில வர்ற புற்றுநோய். பேரு ரெட்டினோபிளாஸ்டோமா. அஞ்சு வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைகளுக்குத்தான் பெரும்பாலும் வரும். பாப்பாவுக்கு ரெண்டு கண்ணுலயும் கட்டி இருக்கு. வலது கண்ணுல சின்னது, அதைக் காப்பாத்தப் பார்க்கலாம். இடது கண்ணு நிறைஞ்சு போச்சு, அதை எடுத்துடணும். விட்டா, கண்ணுக்குப் பின்னால இருக்கிற நரம்பு வழியா மூளைக்குப் போயிடும்.

சகோதரிகளே, இங்க உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும். அன்னைக்கு நாங்க ஆஸ்பத்திரியில சொல்லிக்காமலே புள்ளையைத் தூக்கிட்டு ஊருக்கு வந்துட்டோம். என் மாமியார், "கண்ணைப் பிடுங்கிட்டா பொட்டப் புள்ளையை யாரு கட்டுவா?"ன்னாங்க. எங்க வீட்டுக்காரர் பேசவே இல்ல. எனக்கும் கையெழுத்துப் போட மனசு வரல. கோயில்ல விபூதி வாங்கிப் பூசினோம். யாரோ சொன்னாங்கன்னு இலைச்சாறு பிழிஞ்சு கண்ணுல விட்டோம். என் கையாலதான் விட்டேன். மூணு வாரம் அப்படிப் போச்சு.

நான் கூட்டத்துக்குப் போகல, சந்தாவும் கட்டல. மூணாவது வாரம் குழுவே வீட்டுக்கு வந்துடுச்சு. சந்தா கேட்டுத்தான் வந்தாங்க. வந்து புள்ளை கண்ணைப் பார்த்ததும் நோட்டை மூடி வச்சுட்டாங்க. அன்னைக்கு ராத்திரியே எங்க திண்ணையில கூட்டம் நடந்தது. உள்கடன் 10,000 ரூபாய் கொடுக்கலாம்னு பேச்சு வந்தப்போ ஒரு அக்கா மறுத்தாங்க. "இவ பூ எடுக்கவே போகலையே, எப்படித் திருப்பிக் கட்டுவா? இது எல்லார் காசும்தானே?"ன்னு கேட்டாங்க. அந்தக் கேள்வி தப்பில்ல. ரொம்ப நேரம் பேசி, மூணு மாசம் கழிச்சுத் தவணை ஆரம்பிக்கட்டும்னு தீர்மானம் எழுதினாங்க. மறுத்த அக்காவும் கையெழுத்துப் போட்டாங்க. போட்டுட்டு என் மாமியார்கிட்ட, "காலையில அஞ்சு மணி வண்டிக்கு நான் கூட வர்றேன், பையைக் கட்டச் சொல்லுங்க"ன்னாங்க. சொன்னபடி வந்தாங்க. ஆபரேஷன் அன்னைக்கு என் பக்கத்துல உட்கார்ந்திருந்தது அவங்கதான்.

சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கைகொடுத்தது. இப்போ அந்தத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரைக்கும் இருக்கு. அட்டை எடுக்காதவங்க இந்த வாரமே எடுங்க. ஆனா பஸ் செலவு, சாப்பாடு, வேலைக்குப் போகாத நாள் கூலி, இதுக்கெல்லாம் எந்த அட்டையும் கிடையாது. அதுக்குத்தான் குழுக் காசு. இடது கண்ணை எடுத்த பிறகு, வலது கண்ணுக்காக ஆறு தடவை கீமோ மருந்து ஏத்தினாங்க. மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவை. இடையில லேசர். முடியெல்லாம் கொட்டிப் போச்சு. அந்த மருந்து ஏறின நேரத்துல காய்ச்சல் வந்தா விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது, எதிர்ப்பு சக்தி குறைஞ்சிருக்கும், உடனே வரணும்னு சொல்லியிருந்தாங்க. ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்குக் காய்ச்சல் அடிச்சது. எங்க குழு அக்கா ஒருத்தங்க வீட்டு லோடு ஆட்டோவுலதான் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம்.

"கிரகணத்துல வெளிய போனியா? என்னத்தைத் தின்னே?"ன்னு என்னைக் கேக்காத ஆள் இல்ல. டாக்டரம்மாகிட்டயே அழுதுட்டுக் கேட்டேன். இது ஒரு மரபணுவுல வர்ற மாற்றம், நீ தின்னதாலயோ செஞ்சதாலயோ வரலைன்னாங்க. சுமார் 15,000 முதல் 20,000 குழந்தைகளுக்கு ஒண்ணுக்கு வருமாம். குடும்பத்துல முன்ன யாருக்கும் இல்லாமலும் வருமாம். ஆனா ரெண்டு கண்ணுலயும் வந்தா அந்த மாற்றம் உடம்பு முழுக்க இருக்கும், கூடப் பிறக்கிற பிள்ளைகளுக்கும் பார்க்கணும்னு சொன்னாங்க. 2016ல பையன் பிறந்தப்போ, தொப்புள்கொடி விழுந்ததும் மதுரைக்குத் தூக்கிட்டுப் போயிட்டேன். சொன்ன தேதிக்கெல்லாம் போய்ப் பார்த்தோம். அவனுக்கு ஒண்ணும் இல்ல. என் மக நாளைக்குப் பிள்ளை பெத்தா, அந்தப் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. பிறந்ததும் காட்டணும். வேற எந்த உடம்புக்கு எந்த டாக்டர்கிட்ட போனாலும் இந்த நோய் இருந்ததை முதல்ல சொல்லணும். இதையெல்லாம் அவளுக்குப் புரியிற வயசுல மறைக்காமச் சொல்லிட்டேன்.

நோயைப் பார்த்தது ஒரு பாடுன்னா, வளர்த்தது இன்னொரு பாடு. வலது கண்ணு பிழைச்சது. ஆனா பார்வை முழுசா இல்ல, தூரத்துல இருக்கிறது தெரியாது. இடது கண்ணுல செயற்கைக் கண்ணு. அஞ்சு வயசு வரைக்கும் நான் அவளைத் தெருவுல விடல. ஊட்டி விட்டேன், தூக்கிட்டே திரிஞ்சேன். பள்ளிக்கூடத்துக்கு வர்ற சிறப்பு ஆசிரியை ஒருத்தங்க ஒரு நாள் என்னைக் கடிஞ்சுக்கிட்டாங்க. "கண்ணு குறைவா இருக்கிறது அவளுக்கு. கையும் காலும் நல்லாத்தானே இருக்கு? அதை ஏன் கட்டிப் போடுறீங்க?"ன்னாங்க. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

அவங்க சொல்லிக் கொடுத்ததுதான் எல்லாம். வாசப்படி விளிம்புல மஞ்சள் பெயிண்ட் அடிச்சோம். தண்ணி ஊத்தும்போது டம்ளர் விளிம்பை விரலால தொட்டுக்கிட்டு ஊத்தணும். இடது பக்கம் அவளுக்குத் தெரியாது, அதனால அந்தப் பக்கமாப் போனா பேரைக் கூப்பிட்டுக்கிட்டே போகணும். வீட்டுல சாமானை இடம் மாத்தக் கூடாது. வகுப்புல முன் பெஞ்சு, பெரிய எழுத்து, பூதக்கண்ணாடி. இருக்கிற ஒரு கண்ணுக்கு அடிபடாம இருக்க, உடையாத கண்ணாடி எப்பவும் போட்டிருக்கணும். அவ ரெண்டு தடவை விழுந்து முட்டியைப் பேத்துக்கிட்டா. நான் திண்ணையிலயே உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தேன். எழுந்து ஓடாம இருந்தேனே, அதுதான் எனக்குப் பெரிய வேலை.

செயற்கைக் கண்ணைப் பத்தி ஒண்ணு சொல்றேன், சிரிப்பீங்க. மூணாவது படிக்கும்போது வகுப்புல அது கழண்டு விழுந்துடுச்சு. இவ குனிஞ்சு எடுத்து, வாட்டர் பாட்டில் தண்ணியில கழுவி, மறுபடி மாட்டிக்கிட்டா. புதுசா வந்த டீச்சர் தலை சுத்தி நாற்காலியில உட்கார்ந்துட்டாங்களாம். வளர வளரக் கண்குழியும் பெரிசாகும், அதுக்கேத்த மாதிரி அந்தக் கண்ணையும் மாத்தணும். அவ்வளவுதான். அதை மறைக்கக் கூடாதுன்னு நான் முடிவு பண்ணினேன். "எனக்கு ஒரு கண்ணு செயற்கைக் கண்ணு"ன்னு அவளே எல்லார்கிட்டயும் சொல்லிடுவா. முதல்ல கேலி பண்ணின பிள்ளைங்க பிறகு விட்டுட்டாங்க.

மாற்றுத்திறனாளி அட்டை எடுக்கிறதைப் பத்தியும் சொல்லிடறேன். ஒரு கண்ணு நல்லா இருந்து இன்னொண்ணு மட்டும் போயிருந்தா 30 சதவீதம்தான் கணக்கு. அரசு உதவி பெரும்பாலும் 40 சதவீதத்துல இருந்துதான். என் மகளுக்கு நல்ல கண்ணுலயும் பார்வை குறைவுங்கிறதால 60 சதவீதம்னு சான்று கொடுத்தாங்க. உதவித்தொகையும், பரீட்சையில சொல்லச் சொல்ல எழுத ஆளும் கிடைக்குது. இப்போ ஏழாவது படிக்கிறா. கணக்குல எனக்கே சொல்லித் தர்றா. போன மாசம் எங்க குழு வட்டிக் கணக்குல ஒரு தப்பைக் கண்டுபிடிச்சதும் அவதான்.

அந்தக் கடனை 22 தவணையில கட்டி முடிச்சேன். கடைசித் தவணை கட்டின அன்னைக்குத்தான் ஆல்பத்தை எடுத்து அந்தப் போட்டோவைத் திரும்பப் பார்த்தேன். 15 பேர் பார்த்தோம், ஒருத்தருக்கும் தெரியல. தெரியாதது எங்க தப்பில்ல. ஆனா இப்போ தெரிஞ்சவ நான் சொல்லாம இருந்தா அது தப்பு. டாக்டரம்மா ஒரு தடவை சொன்னாங்க, அந்த எட்டு மாசத்துக்கு முன்னாடியே வந்திருந்தா இடது கண்ணுக்கும் ஏதாவது செய்ய வாய்ப்பு இருந்திருக்கும்னு. நான் கேட்டதாலதான் சொன்னாங்க.

அதனால உங்க எல்லார்கிட்டயும் ஒண்ணு கேக்கிறேன். ஒவ்வொரு குழுவுலயும் தீர்மான நோட்டுல எழுதி வைங்க. மாசம் ஒரு கூட்டத்துல, அஞ்சு வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைகளைப் பத்தி விசாரிக்கணும். கருமணியில வெள்ளையாவோ மஞ்சளாவோ மின்னுதா? மாறுகண்ணு இருக்கா? சிவப்பு, வீக்கம் தீராம இருக்கா? முகத்தைப் பார்த்துத் திரும்புதா? ஃப்ளாஷ் போட்டோவுல ஒரு கண்ணு மட்டும் வெள்ளையாத் தெரியுதா? வெள்ளையாத் தெரிஞ்சா எல்லாமே புற்றுநோய் இல்ல, புரையாவும் இருக்கலாம். போட்டோவுல தெரியலைங்கிறதுக்காக நோயே இல்லைன்னும் சொல்ல முடியாது. எதுவானாலும் கண் டாக்டர்கிட்ட காட்டுங்க, அதுவும் அந்த வாரமே. சீக்கிரம் கண்டுபிடிச்சா பெரும்பாலான பிள்ளைகளோட உயிரைக் காப்பாத்திடலாம், கண்ணையும் காப்பாத்த வழி இருக்கு.

கூட வர ஆள் இல்லைன்னா எனக்குச் சொல்லி அனுப்புங்க. காலையில அஞ்சு மணி வண்டிக்கு நான் வர்றேன். மதுரையில எந்த வரிசையில நிக்கணும்னு எனக்குத் தெரியும்.

என் மக அதோ மூணாவது வரிசையில உட்கார்ந்திருக்கா. அவளுக்கு இவ்வளவு தூரத்துல என் முகம் தெரியாது, குரல் கேக்கும். அழாமப் பேசிட்டேன் பாப்பா.